நிக்கல் கசடு வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் முலாம் பூசும் பட்டறைகளில் கழிவாகச் சேரும் கசடிலிருந்து நிக்கலும் செம்பும் பிரித்தெடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை பணம் இழந்த அதே இடங்களிலேயே இன்றும் இழக்கிறார்கள். கையுறை, கண்ணாடி பற்றி அவர்களுக்கே தெரியும் என்பதால் மற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஈரத்துக்கு விலை கொடுப்பது

ஆய்வகம் தரும் விழுக்காடு பெரும்பாலும் உலர்த்திய மாதிரிக்கு உரியது; எடைமேடையில் ஏறுவதோ ஈரக் கசடு. சான்றில் 12 விழுக்காடு நிக்கல் என்று கண்டதும் ஒரு டன்னில் 120 கிலோ இருப்பதாக எண்ணி விலை பேசிவிடுகிறார்கள். ஈரம் 70 விழுக்காடு என்றால் உலர்ந்த பொருள் 300 கிலோதான். அதில் நிக்கல் 36 கிலோ மட்டுமே, பிரித்தெடுக்கும்போது அதிலும் ஒரு பங்கு போகும்.

ஓசூரிலிருந்து வந்த தம்பி ஒருவர், "சான்று இருக்கிறதே அண்ணா" என்று காகிதத்தை நீட்டினார். விற்பவரே எடுத்துக் கொடுத்த மாதிரிக்கான சான்று அது. அடி மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னபோது, துத்தநாகத் தொட்டியின் கசடு கலந்திருந்தது தெரிந்தது; முன்பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இதைத் தடுக்க ஒரு நாள் வேலையே போதும் என்பதுதான். ஒவ்வொரு மூட்டையிலும் மேலிருந்து அடிவரை குழாயைச் செருகி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பிரிக்க வேண்டும். இறுதி மாதிரியை மூன்றாக்கி முத்திரையிட்டு, ஒன்றைத் தகராறு வந்தால் மூன்றாம் ஆய்வகத்துக்கு அனுப்ப ஒதுக்குங்கள். ஈர அளவுக்கான பகுதியை அப்போதே காற்றுப் புகாத பையில் கட்டிவிடுங்கள்.

சயனைடுக் கசடில் அமிலம்

ஊற்றாதீர்கள். எழும் வாயு ஆளைக் கொல்லும்.

அவசரமாக சோடா கொட்டுவது

கசடை அமிலத்தில் கரைத்துக் கிடைக்கும் கரைசலிலுள்ள இரும்பை ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றி, பிஹெச் 3.5 அளவில் வீழ்படிவாக்கி வடித்த பின்பே நிக்கலைத் தொட வேண்டும். பிஹெச்சை உயர்த்தச் சேர்க்கும் காரமான சோடாவை ஒரேயடியாகக் கொட்டினால் கூழ் போன்ற இரும்புப் படிவு நிக்கலையும் பிடித்துக்கொள்ளும். குரோமியம் இருந்தால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே குரோம் கழுவுநீரைத் தனியே வைக்கும் பட்டறைகளிடமே வாங்குங்கள்.

அனுமதியின்றி இறக்குவது

2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி இந்தக் கசடும் அபாயகரக் கழிவே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கைக்கு வருமுன் ஒரு மூட்டையும் இறக்காதீர்கள்.

எஞ்சும் கசடைக் கணக்கில் சேர்க்காதது

நிக்கல் எடுத்த பின்னும் அதில் உலோகங்கள் எஞ்சும் என்பதால், அது ஏரிக்கரைக்கு அல்ல, அனுமதி பெற்ற பாதுகாப்பான கிடங்குக்கே போக வேண்டும். அந்த லாரி வாடகையையும் கிடங்குக் கட்டணத்தையும் கழித்த பிறகே கசடுக்கு விலை சொல்லுங்கள்.