வேலூரில் ஓடி, கடல் மீட்பர்களுக்கு நிதி திரட்ட: முதல் அரை மாரத்தானுக்கான செய்முறை

"வேலூருக்கு ஏது கடல்? நமக்கெதுக்கு இது?" என்று கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள். படகு கவிழ்ந்தால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேர்வது பக்கத்தில் வலை போட்டிருக்கும் மீனவர்களின் ஃபைபர் படகு. 2015 சென்னை வெள்ளத்திலும் அவர்கள் படகுகள்தான் தெருவுக்குள் வந்தன. கடலோரக் காவல்படை அரசுடையது, அதற்கு வசூல் தேவையில்லை. மீட்கப் போகும் மீனவத் தன்னார்வலருக்கோ லைஃப் ஜாக்கெட், மிதவை வளையம், கயிறு, டீசல் எல்லாமே கைக்காசு. பிரிட்டனில் 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. மீட்புப் படகு அமைப்பு இன்றும் பெரும்பாலும் நன்கொடையில்தான் நடக்கிறது.

படி 1: பணம் போகும் இடம்

ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்பே, இந்த மீட்பர்களுக்குப் பொருள் வாங்கித் தரும் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றைப் பிடித்து, பான் எண், 80ஜி சான்று (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க), வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் வாங்குங்கள். க்யூஆர் கோடு அவர்களுடையதாகவே இருக்கட்டும். உங்கள் ஜிபேயில் வாங்கினால் மளிகைக்கடைக் கணக்கோடு நன்கொடையும் கலந்துவிடும். கொடுத்தவர் பெயருக்கு ரசீதும் வராது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி சலுகை இல்லை. நுழைவுக் கட்டணமும் ஷூவும் உங்கள் செலவு, வசூலில் கை வைக்காதீர்கள்.

படி 2: கேட்பது

கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்றால் அரை மாரத்தானின் 21 கி.மீ.க்கு 1,050. ஓட்டத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். "முடிச்சுட்டு வா, தர்றேன்" என்பது வராத பணம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் கட்டைவிரல்தான் வரும், ஒவ்வொருவராகக் கேளுங்கள்.

படி 3: பயிற்சி, 16 வாரம்

நிற்காமல் 5 கி.மீ. ஓட முடிகிறவருக்கான கணக்கு இது. மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், அதனால் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குக் குறி வையுங்கள். காலை 5 மணிக்குக் கிளம்பி 7-க்குள் வீடு. வாரம் மூன்று சிறு ஓட்டம், கோட்டை அகழியோரம் போதும். ஞாயிறு நீள ஓட்டம்: வாரத்துக்கு 1 முதல் 1.5 கி.மீ. கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, கடைசிக்கு மூன்று வாரம் முன் 18-ஐத் தொடுங்கள். கோட்டையிலிருந்து பாகாயம் வழியாக ஸ்ரீபுரம் ஏறக்குறைய 8 கி.மீ.; போய்த் திரும்பினால் 16. காட்பாடிப் பாலம் வேண்டாம், வண்டி நெரிசல்.

முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரி. முதல் மாதத்திலேயே மூச்சு பழகிவிடும், முழங்காலும் கெண்டைக்காலும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அந்தத் தெம்பில் தூரத்தைக் கூட்டுகிறவருக்குத்தான் கணுக்காலுக்கு மேல் எலும்பு வலி வரும். ஓரிடத்தில் அழுத்தினால் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

நீள ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் சுமார் 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது. வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து வாந்தி, குழப்பம் வரும். பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழு 1 லிட்டரில் கரையுங்கள்; அரை லிட்டரில் கரைத்தால் வயிறு கெடும்.

படி 4: ஓட்ட நாள்

அன்றைக்குப் புது ஷூ, புதுச் சாப்பாடு எதுவும் கூடாது. பருத்தி சாக்ஸ் ஈரம் பிடித்துக் கொப்பளம் போடும். தொடையிடுக்கிலும் மார்க்காம்பிலும் வாசலின் தடவுங்கள். முந்தின இரவு ஆம்பூர் பிரியாணி வேண்டாம், யார் கூப்பிட்டாலும் சரி. முதல் 3 கி.மீ. கூட்டம் இழுக்கும், அதன் வேகத்தில் போகாதீர்கள்.

பிறகு, பதக்கப் படத்தோடு அறக்கட்டளை வாங்கிய பொருள்களின் பில்லையும் எல்லாருக்கும் அனுப்புங்கள். அடுத்த வருஷமும் இதே ஆட்களிடம்தான் கேட்கப் போகிறீர்கள்.