அருணாச்சலப் பிரதேசப் பயணம்: திட்டம் போடும்போதே நடக்கிற தவறுகள்

தவாங், ஜிரோ, மெச்சுகா, முடிந்தால் கிழக்கே வாலோங் வரைக்கும், எல்லாம் எட்டு நாளில். அருணாச்சலப் பிரதேசம் போகிறோம், இது சரிவருமா பாருங்கள் என்று காட்டுகிற திட்டங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. சரிவராது.

காரணம் தூரம் இல்லை, மலை விழுந்திருக்கிற விதம். காமெங், சுபன்சிரி, சியாங், திபாங், லோஹித் என்று ஆறுகள் எல்லாம் வடக்கே இருந்து இறங்கி அசாம் சமவெளிக்கு வருகின்றன, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பள்ளத்தாக்கை வெட்டி வைத்திருக்கிறது, நடுவில் மலைமுகடுகள். தவாங்கிலிருந்து ஜிரோ நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் பெரும்பாலான வண்டிகள் பாலுக்போங் வழியாக அசாமுக்கு இறங்கி, சமவெளியில் கிழக்கே ஓடி, மறுபடி மலை ஏறித்தான் போகின்றன. இரண்டு பகல் அதற்கே சரியாகிவிடும். செப்பா வழியாக மலைக்குள்ளேயே ஒரு சாலை இருக்கிறது, மழையும் மண்சரிவும் விட்டுக்கொடுத்தால்.

அதனால் எட்டு நாள் இருந்தால் ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றுக்கு இன்னொரு வருடம் போகலாம்.

அந்த முகடுகள்தான் மனிதர்களையும் பிரித்து வைத்திருக்கின்றன. பரப்பு 83,743 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, 2011 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 14 லட்சம்தான். ஆனால் தவாங்கில் மோன்பாக்கள் திபெத்திய வழி பௌத்தர்கள், ஜிரோவில் அபதானிகளிடம் சூரியனையும் சந்திரனையும் வணங்குகிற தோன்யி-போலோ, கிழக்கே நம்சாயில் காம்டிகள் தாய்லாந்துப் பக்கத்து மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பேச்சோடு தேரவாத பௌத்தர்கள். ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு பெரும்பாலும் அடுத்ததில் புரியாது, எல்லோருக்கும் பொதுவாக இந்திதான் ஓடுகிறது. 'ட்ரைபல் கல்ச்சர் பார்க்கணும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். எந்த ஊர், யாருடைய திருவிழா என்று தெரிந்துகொண்டு தேதியைப் போடுங்கள்: அபதானிகளின் த்ரீ ஜூலை 5, நிஷிகளின் ந்யோகும் பிப்ரவரி 26, கலோக்களின் மொபின் ஏப்ரலில்.

அடுத்தது ஐஎல்பி, அதாவது வெளிமாநில இந்தியர்கள் உள்ளே போக வாங்க வேண்டிய உள்கோட்டு அனுமதி. 1873-ல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட ஒழுங்குமுறையிலிருந்து வருகிற விஷயம், இன்றும் கட்டாயம். ஆன்லைனிலேயே வாங்கலாம், பாலுக்போங் கேட்டில் பார்ப்பார்கள், செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் நாலைந்து பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சீன எல்லையில் இருக்கிற பூம்லா கணவாய்க்கு இது போதாது, தவாங் போய் அங்கே தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஒரு நாள் ஒதுக்காமல் போகிறவர்கள்தான் கடைசியில் மடாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். (மடாலம் ஒன்றும் குறைச்சல் இல்லை, 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.) மலேசிய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும், ஓசிஐ அட்டைக்காரர்களுக்கும் ஐஎல்பி கிடையாது. அவர்களுக்கு பிஏபி (பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி) என்ற வேறு அனுமதி, அதைப் பயண முகவர் மூலம் முன்னாலேயே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது.

உயரம். 2024 மார்ச்சில் தவாங் போகிற வழியில் சேலா சுரங்கப்பாதை திறந்த பிறகு, அசாமில் இருக்கிற தேஜ்பூரில் விடிகாலை கிளம்பி ராத்திரி தவாங் போய்விடலாம் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. போகலாம்தான். ஆனால் சுரங்கமே 13,000 அடியில் இருக்கிறது, தவாங் 10,000 அடி, மறுநாளே பூம்லா என்றால் 15,200 அடி. கடல்மட்டத்தில் வாழ்கிற சென்னை உடம்புக்கு இது தலைவலி, வாந்தி, தூங்காத ராத்திரி. திராங்கில் ஒரு ராத்திரி தங்குங்கள், சுமார் 5,000 அடி, வெந்நீர் ஊற்றும் இருக்கிறது. தவாங்கிலும் முதல் நாள் சும்மா ஊரைச் சுற்றிவிட்டு அப்புறம் பூம்லா போங்கள்.

கூகுள் மேப் காட்டுகிற நேரத்தை நம்ப வேண்டாம். இன்னொன்று, நம் கடிகாரம் இங்கே பொருந்தாது: டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மலைக்குள் அதற்கு முன்னாலேயே வெளிச்சம் போய்விடும். அதனால்தான் ஷேர் சுமோக்கள் (பலர் சேர்ந்து போகிற வாடகை ஜீப்கள்) விடிகாலை ஐந்தரை, ஆறுக்கே கிளம்புகின்றன. டிக்கெட்டை முந்தின நாளே கவுன்ட்டரில் எடுங்கள், டிரைவர் பக்கத்து சீட் முதலில் போய்விடும், கடைசி வரிசையில் நாலு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து வருவது தனி அனுபவம்.

சொந்தமாகவோ வாடகைக்கோ வண்டி ஓட்டுகிறவர்கள் மிதுனைத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டெருமை மாதிரி பெரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டது போன்ற கால்கள், வளைவில் திரும்பினால் நடுரோட்டில் நிற்கும். கட்டிப்போடாமல் காட்டில் திரியவிடுவார்கள் என்பதால் யாருடையதும் இல்லை என்று நினைக்காதீர்கள், கல்யாணப் பேச்சில் கணக்கு வைக்கிற சொத்து அது. இடித்துவிட்டால் நஷ்டஈடு பெரிய தொகை, அதைப் பேசி முடிக்காமல் ஊரை விட்டு நகர முடியாது.

ஜிரோவில் ஒரு வேண்டுகோள். அங்கே வயல்களில் நெல்லோடு மீனும் வளர்க்கிறார்கள், தண்ணீர் வற்றும்போது வயலுக்குள் வெட்டியிருக்கிற பள்ளத்தில் மீன் ஒதுங்கும், குறுகலான வரப்பில்கூடக் கேழ்வரகு நட்டிருப்பார்கள். ரீல்ஸ் எடுக்க அந்த வரப்பில் ஓடினால் மிதிபடுவது பயிர். மூக்கில் வட்டமான அடைப்பான் செருகி, முகத்தில் பச்சை குத்தியிருக்கிற அபதானிப் பாட்டிகளிடம் கேட்காமல் கேமராவை நீட்டுவது அதைவிட மோசம். அந்த வழக்கம் 1970-களிலேயே நின்றுபோனது, இருப்பவர்கள் எல்லோரும் வயதானவர்கள். வணக்கம் சொல்லி, கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, சாலை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. அக்டோபர், நவம்பர், அல்லது மார்ச், ஏப்ரல் நல்லது. கையில் பணம் வைத்திருங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐயும் இல்லை. குவாஹாட்டியிலிருந்து திரும்புகிற விமானத்தை மலையிலிருந்து இறங்குகிற அன்றைக்கே போடாமல், நடுவில் ஒரு நாள் விட்டுப் போடுங்கள்.