கூடவே நிற்பதா நிர்வாகம்? சிறு பனியன் கம்பெனிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் 40, 50 மெஷின் ஓடும் பனியன் கம்பெனிகளில் முதலாளியை அவர் நாற்காலியில் பார்ப்பது அபூர்வம். கட்டிங் டேபிள் பக்கம் நிற்பார், துணி ஏன் இன்னும் வரவில்லை என்று டையிங்குக்குப் போன் போடுவார், ராத்திரி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற இடத்திலும் அவர்தான். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் இரண்டு நாள் ஊருக்குப் போனால் வேலை தள்ளாடுகிறது என்றால், அங்கே இன்னும் நிர்வாகம் என்று ஒன்று உருவாகவில்லை.

திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல், இயக்குதல், கட்டுப்படுத்தல் என்று வணிகவியல் புத்தகம் ஐந்து வேலைகளைச் சொல்லும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் என்று நினைப்பதே முதல் தப்பு. ஃப்ளோரில் ஒரே நாளில் ஐந்தும் பின்னிக்கொண்டுதான் நடக்கின்றன. அதனால்தான் ஓரிடத்தில் செய்த பிழை வேறோர் இடத்தில் தலை நீட்டுகிறது.

தேதி மட்டும் இருக்கும் திட்டம்

ஷிப்மெண்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நிட்டிங், டையிங், கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று நாள் பிரிப்பார்கள். அதில் மெஷின் ஓடும் நாட்கள் மட்டும் இருக்கும், காத்திருக்கும் நாட்கள் விட்டுப்போகும். துணியின் ஷேடுக்கு (நிறத்துக்கு) பையர் ஒப்புதல் தர எடுக்கும் நாட்கள், உற்பத்திக்கு முன் பையருக்கு அனுப்பும் மாதிரியான பிபி சாம்பிள் போய்த் திரும்பும் நாட்கள், துணியைத் தளரவிடும் நாள் எல்லாம் அப்படித்தான்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் பார்க்கலாம். ரோலாகச் சுற்றி வந்த பின்னல் துணி இழுபட்ட நிலையில் இருக்கும். அதைப் பிரித்துப் போட்டு வழக்கமாக ஒரு நாளாவது விட்டுவைத்தபிறகுதான் வெட்ட வேண்டும். திட்டத்தில் அந்த நாள் இல்லையென்றால் கட்டிங் மாஸ்டர் வந்த துணியை வந்த கையோடு விரித்து வெட்டிவிடுவார். வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருக்கும். தைத்து ஸ்டீம் அயர்ன் போட்டதும் நீளம் குறையும். செக்கிங்கில் பிடிபடும்போது திட்டு டெய்லருக்கு விழும். தப்பு நடந்ததோ மூன்று வாரம் முன்னால் போட்ட அட்டவணையில்.

எப்படியாவது தேதிக்குள் அனுப்பிவிட்டோம் என்று திருப்திப்படுவதும் இதோடு சேர்ந்ததே. கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்றினால் இலக்கு நிறைவேறும், லாபம் கரைந்துவிடும். செலவை இழுத்துப்பிடித்துத் தேதியைக் கோட்டைவிட்டால் மறுபக்கம் அடி. குறித்த பலனும் வேண்டும், அது குறித்த செலவுக்குள்ளும் வர வேண்டும். இரண்டில் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கும் ரிப்போர்ட்டை நம்பக் கூடாது.

ஆள் பற்றவில்லை என்ற அவசர முடிவு

ஒரு லைனில் தினம் 1,000 டி-ஷர்ட் வேண்டும், வேலை நேரம் 8 மணி என்று வைத்துக்கொள்வோம். 28,800 விநாடியை 1,000 ஆல் வகுத்தால் ஒரு பீஸுக்குச் சுமார் 29 விநாடி. கழுத்தில் ரிப் பட்டை வைக்க 45 விநாடி ஆகிறது, அதற்கு ஒரே மெஷின்தான் இருக்கிறது என்றால், ஒரு நிமிடம்கூட வீணாகாவிட்டாலும் அதிலிருந்து வருவது 640 பீஸ். சைடு அடிக்க இன்னும் நான்கு பேரைப் போட்டாலும் லைனிலிருந்து 640க்கு மேல் வராது. கழுத்துக்கு இன்னொரு மெஷினும் ஆளும் போட்டால்தான் 1,000 சாத்தியம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்சால் ஒவ்வொரு ஆபரேஷனையும் பத்துப் பீஸுக்கு அளந்து சராசரி எடுத்தால் போதும். அதுவும் முடியாதவர்கள், பண்டில் (வெட்டிய துண்டுகளின் கட்டு) எந்த மெஷினுக்கு முன்னால் குவிகிறது என்று பார்க்கட்டும். அளக்காமல் ஆள் சேர்த்தால் சம்பளம்தான் கூடும்.

இரண்டு பேரின் உத்தரவு

பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தை 1888 முதல் 1918 வரை நடத்திய ஹென்றி ஃபயோல், 1916இல் வெளியிட்ட 14 கோட்பாடுகளில் கட்டளை ஒருமையும் ஒன்று. ஒரு தொழிலாளிக்கு ஒருவர்தான் உத்தரவு தர வேண்டும் என்பது அதன் சாரம். சிறு கம்பெனிகளில் இதை அதிகம் மீறுபவர் முதலாளியேதான். சூப்பர்வைசர் நீல நிற லாட்டை ஓட்டச் சொல்லியிருப்பார். முதலாளி அந்தப் பக்கம் வந்தவர் "அதை விடும்மா, முதல்ல மெரூன முடி" என்பார். பாதி தைத்த நீல பண்டில் ஓரமாகப் போகும், அதில் இரண்டு ஸ்லீவ் காணாமல் போகும், ஷிப்மெண்ட் அன்று எண்ணிக்கை இடிக்கும். அடுத்த வாரம் முதல் அந்த அக்கா சூப்பர்வைசர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார். முன்னுரிமை மாறினால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவர் வாயாலேயே மாற்றச் சொல்லுங்கள்.

பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்வதும் இதே வகைதான். ஊசி தீர்ந்ததற்கு மேனேஜரைத் திட்டுவோம். ஆனால் ஊசி வாங்கவும் அவர் நம்மிடம்தான் கேட்க வேண்டும். 5,000 ரூபாயோ 10,000 ரூபாயோ, கேட்காமல் செலவு செய்ய ஒரு வரம்பை எழுத்தில் கொடுத்துவிட்டு வாரம் ஒருமுறை பில்லைப் பார்த்தால் போதும்.

நல்ல டெய்லர், திணறும் சூப்பர்வைசர்

வேகமான டெய்லரை சூப்பர்வைசர் ஆக்குவது வழக்கம். லைன் பின்தங்கினால் அவர் உடனே தானே மெஷினில் உட்கார்ந்துவிடுவார், அவருக்குத் தெரிந்த வழி அதுதான். அந்த ஒரு மணி நேரம் லைனைப் பார்க்க ஆளில்லை. பதவி கொடுக்கும் முன் அவரால் கற்றுக்கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆளைத் தயார்படுத்தி, சொல்லியும் செய்தும் காட்டி, செய்யவைத்து, பிறகு திரும்ப வந்து பார்ப்பது என்ற நான்கு படி முறை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பரவியது. இன்றைக்கும் தையல் ஃப்ளோருக்கு அதைவிட எளிய முறை கிடையாது.

கடைசியில் மட்டும் செக்கிங்

அதே கழுத்து மெஷினில் ஊசி முனை மழுங்கித் துணியில் பொத்தல் விழுகிறது. மணிக்கு 80 பீஸ். கடைசி டேபிளில்தான் சோதனை என்றால் அரை நாள் கழித்துத் தெரியும், அதற்குள் 320 பீஸ் போயிருக்கும். மணிக்கொருமுறை ஒவ்வொரு மெஷினிலும் ஐந்தாறு பீஸ் எடுத்துப் பார்த்தால் சேதம் ஏறக்குறைய 80க்குள் நிற்கும். பொத்தலைப் பிரித்துத் தைக்கவும் முடியாது, அத்தனையும் செகண்ட்ஸ்தான், அதாவது இரண்டாம் தரம்.

லாபம் இருக்கிறது, பணம் இல்லை

பணம் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்ப்பது கணக்குப்பிள்ளையின் வேலை என்று ஒதுக்குவது பெரிய தவறு. வாரச் சம்பளம் 2 லட்சம், பில் போட்டு 60 நாளில் பணம் என்றால், அந்த இடைவெளியில் எப்படியும் 8 சனிக்கிழமை வரும். சம்பளத்துக்கு மட்டும் 16 லட்சம் தேவை. ஆர்டரில் லாபம் இருப்பது சனிக்கிழமை மாலைக்கு உதவாது.

அடுத்த 13 வாரத்துக்கு ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: கையிருப்பு, வர வேண்டியது, போக வேண்டியது. 15ஆம் தேதிக்கான பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதிக்கான ஜிஎஸ்டி, கரண்ட் பில், கடன் தவணை எல்லாம் அதில் ஏறட்டும். எந்த வாரம் மைனஸில் போகிறது என்று ஒரு மாதம் முன்னால் தெரிந்தால் வங்கியிடம் பேச நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை தெரிந்தால் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும்.

உள்ளூர் எக்ஸ்போர்ட்டருக்கு ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்யும் குறு, சிறு நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளுக்கு மேல் அவகாசம் வைக்க முடியாது; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கான உதயம் பதிவை முதல் டெலிவரிக்கு முன்பே முடித்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடுங்கள்.