சீனியரிடம் நோட்டைக் கேளுங்கள்

பி.ஏ. அரசியல் அறிவியல் சேரப் போகிறவர்கள், சீனியரிடம் "சார் எப்படி எடுப்பாரு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், போன செமஸ்டர் நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் புரட்டிப் பாருங்கள். பக்கத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் இருக்கட்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் அதன்கீழ்தான் வருகின்றன.

"ஜாலியான சார்", "மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்பதெல்லாம் பெரும்பாலும் இன்டர்னல் மார்க்கும் அட்டெண்டன்ஸும் பேசவைக்கிற பேச்சு. நோட்டில் அப்படி இல்லை: எந்த அலகு நிதானமாக நடந்தது, எது கடைசி வாரத்தில் அள்ளித் தெளிக்கப்பட்டது என்பது தேதியோடு தெரிந்துவிடும். நான் முதலில் தேடுவது மாநில மறுசீரமைப்புப் பாடத்தை. '1956 சட்டம்' என்று ஒரே வரியோடு விட்டிருந்தால், கைடைப் பார்த்து டிக்டேஷன் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த கதையும், அந்த இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணி பெயரும் ஓரத்தில் கிறுக்கலாகவாவது இருந்தால், வகுப்பில் பேச்சு நடந்திருக்கிறது. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நடத்துவது கஷ்டம்தான்!

ஒரே ஆளின் நோட்டை நம்பாதீர்கள், பாதிப் பேர் எழுதுவதே இல்லை. வருஷத்துக்கு வருஷம் கௌரவ விரிவுரையாளர்கள் மாறும் துறையிலும், தொலைநிலைக் கல்வியிலும் இந்த வழி உதவாது.