எஸ்ஸாவிராவில் க்னாவா கேட்கப் போகிறவர்களுக்கு

ஜூன் மாதம் மொராக்கோ போகிறோம், எஸ்ஸாவிராவின் க்னாவா இசைத் திருவிழாவுக்கு என்ன எடுத்துக்கொண்டு போகலாம் என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது, நான் முதலில் சொல்வது கம்பளிச் சட்டை. ஆப்பிரிக்காவில், கோடையில், கம்பளியா என்று சிரிப்பார்கள். மராகேஷில் அந்த மாதம் வெயில் 35 டிகிரியைத் தொடும். அங்கிருந்து மேற்கே சுமார் 180 கிலோமீட்டரில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிற எஸ்ஸாவிராவில் பகலிலேயே 22 டிகிரிதான். வடக்கிலிருந்து காற்று ஓயாமல் வீசும். ஊருக்கே காற்றின் நகரம் என்றுதான் பெயர். முதல் வருடம் நான் பருத்திச் சுடிதாரோடு போய், இரவு பத்து மணிக்குக் கச்சேரியைப் பாதியில் விட்டுவிட்டுச் சால்வை வாங்கக் கடை தேடி ஓடினேன். காதை மூடிக் கட்ட ஒரு துணி, முன்பக்கம் மூடியிருக்கும் செருப்போ ஷூவோ, இவை இரண்டும் கட்டாயம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அந்த மூன்று நாளும் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். கடற்கரை மேடைப் பக்கம் மணல் பறந்து கண்ணில் விழும்.

திருவிழா 1998இல் தொடங்கியது. வழக்கமாக ஜூன் பிற்பாதியில், வியாழன் முதல் சனி வரை மூன்று நாள் நடக்கும். தேதி வருடா வருடம் மாறும், அறிவிப்பைப் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள். மூலாய் ஹசன் சதுக்கத்தில் இருக்கும் பெரிய மேடைக்கும் கடற்கரை மேடைக்கும் நுழைவு இலவசம். பழைய கோட்டைக் கொத்தளத்திலும் முற்றம் வைத்த பழைய வீடுகளிலும் நடக்கும் சின்னக் கச்சேரிகளுக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். அதில் ஒன்றையாவது வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தங்குமிடத்தை மூன்று, நான்கு மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். சின்ன ஊர், கூட்டமோ லட்சக்கணக்கில் வரும். இரண்டாவது தடவை போனபோது, நான் பணம் கட்டியிருந்த விடுதியில், உங்கள் பெயரில் அறையே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பெட்டியோடு மகளையும் இழுத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணி வரை சந்து சந்தாக அலைந்தோம். அப்போதிருந்து, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் பேசி உறுதி செய்கிறேன், ரசீதைக் காகிதத்திலும் எடுத்துப்போகிறேன். மராகேஷிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள் என்பதால் போகும்போதே திரும்பும் சீட்டையும் வாங்கிவிடுங்கள். மதிலுக்குள் இருக்கிற பழைய ஊரான மதினாவில் கார் கிடையாது, சாமானெல்லாம் கைவண்டியில்தான் வரும். பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் கேட்டால் சுவரோரம் ஒதுங்குங்கள்.

சரி, இசைக்கு வருவோம். இதற்காகத்தானே இத்தனை தூரம்.

சகாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்த இசை க்னாவா. 2019இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குழுவின் தலைவரை மாலெம் என்பார்கள். நம் ஊரில் வாத்தியார் என்று சொல்வதைப் போல மரியாதையும் தொழிலும் ஒட்டிய சொல். அவர் கையில் கெம்ப்ரி இருக்கும். ஒரே மரத்துண்டைக் குடைந்து, ஒட்டகத்தின் கழுத்துத் தோலைப் போர்த்தி, மூன்று நரம்புகள் கட்டிய வாத்தியம். விரல் நரம்பை மீட்டும்போதே தோலையும் தட்டும். தந்தியும் தாளமும் ஒரே கையில். சுற்றி நிற்பவர்கள் கர்காப் என்ற இரும்புத் தாளங்களைக் கைக்கு ஒரு ஜோடியாக வைத்திருப்பார்கள். அடிமைச் சங்கிலியின் ஓசை அது என்று அங்கே பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாலெம் ஒரு வரி பாட, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பஜனை மடத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும்.

பிடிபடாதது தாளம். சிறுவயதில் தஞ்சாவூரில் ஐந்து வருடம் மிருதங்கம் கற்றவள் நான். முதல் இரவு கை போட்டுப் பார்த்தேன். தகிட என்று போட்டால் கர்காப் கொஞ்சம் முந்தியது, தகதிமி என்று போட்டால் கொஞ்சம் பிந்தியது. மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கும் நான்காக எண்ணும் சதுஸ்ரத்துக்கும் நடுவே எங்கேயோ அது ஓடுகிறது. எண்ணிப் பிடிக்க நினைத்த ஒரு மணி நேரமும் எனக்கு வீணாய்ப் போனது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி குதிகாலை மட்டும் தரையில் மெதுவாக ஊன்றி ஊன்றி எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து நானும் கால் வைத்தேன், வந்துவிட்டது. ஆகவே கையால் எண்ணாதீர்கள், காலை நம்புங்கள். ராக விரிவையும் தேடாதீர்கள். பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே பாட்டு சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றில் மாலெம் ஒரு சுரத்தை எப்போது கூட்டுகிறார், எப்போது வேகத்தைத் துளி ஏற்றுகிறார் என்பதில்தான் சுவை.

அதனால் எங்கே நிற்கிறோம் என்பது முக்கியம். கெம்ப்ரியின் ஒலி அடித்தொனி, கர்காப் இரும்பு. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றால் இரும்பு மட்டும்தான் காதில் ஏறும். மேடையின் பக்கவாட்டில் நின்றால் காற்று பாதியை அள்ளிப் போய்விடும். சதுக்கத்தின் நடுவில், சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரோடு உட்கார்ந்திருக்கும் தடுப்புக்கு நேர் முன்னால் இடம் பிடியுங்கள். அவர் காதுக்குச் சரியாக இருப்பது உங்களுக்கும் சரியாக இருக்கும். கெம்ப்ரி வயிற்றில் அதிர்வதை அங்கே உணரலாம். குழந்தைகளுக்கு, ஏன் பெரியவர்களுக்கும், காதடைப்பான் எடுத்துப்போங்கள்.

இன்னொன்று நேரம். க்னாவாவின் சொந்த வீடு மேடை அல்ல, லீலா என்கிற இரவுச் சடங்கு. லீலா என்றால் அங்கே இரவு. மாலையில் தொடங்கினால் விடியும்வரை போகும். முதலில் பறையோடு ஊர்வலம், பிறகு ஆட்டம், அதற்கப்புறம் ஆவிகளை ஒவ்வொரு நிறமாக அழைப்பது. கடலோடு சேர்த்துச் சொல்லப்படும் சீதி மூஸாவுக்கு நீலம், சீதி ஹம்முவுக்குச் சிவப்பு, லல்லா மீராவுக்கு மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டு, தனித் துணி, தனிப் புகை. மேடையில் நமக்குக் கிடைப்பது இந்த நீண்ட இரவின் ஒரு துண்டுதான். இருபது நிமிடம் கேட்டுவிட்டு, ஒரே மாதிரி இருக்கிறதே என்று அடுத்த மேடைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே மனம் கஷ்டப்படும். ஒரு மாலெமுக்கு முழு நேரம் கொடுங்கள். சின்ன இடத்துக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கச் சொன்னதும் இதற்காகத்தான். அங்கே கூட்டம் நகராது, நரம்பில் விரல் படும் ஓசைகூடக் கேட்கும்.

அப்படி ஓர் இரவில், ஒரு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது புகை வாசனை வந்தது. என் பாட்டி வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் கூடையைக் கவிழ்த்துத் தலைமுடிக்குக் காட்டுவாளே, அதே சாம்பிராணி. அங்கே அதற்கு ஜாவி என்று பெயர், ஜாவாவிலிருந்து வந்தது என்ற பொருளில். நம் சாம்பிராணியும் அந்தத் தென்கிழக்காசிய மரத்தின் பிசின்தானே. கிழக்கே ஒரு தீவில் வடிந்த பால் தஞ்சாவூருக்கும் வந்திருக்கிறது, அட்லாண்டிக் கரைக்கும் போயிருக்கிறது. அன்று நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஒரு பெண் மட்டும் என் தோளில் கை வைத்தாள்.

கூட்டத்தில் யாராவது தலையைச் சுழற்றி ஆடத் தொடங்கினால் சற்று விலகி இடம் கொடுங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூட வந்தவர்கள் இருப்பார்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். முக்கியமாக, கைபேசியை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். நம் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவரின் முகத்தருகே ஒருவர் கைபேசியை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? நெரிசலில் வழி கேட்க "ஸ்மெஹ் லியா" என்றால் போதும், விலகிவிடுவார்கள்.

உலக இசை என்று விளம்பரத்தில் வரும் பகுதி, வெளிநாட்டுக் கலைஞர்கள் மாலெம்களோடு சேர்ந்து வாசிப்பது. ஜாஸ் கலைஞர் ராண்டி வெஸ்டன் 1960களின் கடைசியில் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் குடியேறி க்னாவா கலைஞர்களோடு பழகினார், ஜாஸுக்கும் க்னாவாவுக்குமான அந்த உறவு இன்றும் தொடர்கிறது. 2014 திருவிழாவில் மாலெம் முஸ்தபா பக்பூவோடு அமெரிக்க ஜாஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் பேஸ் கிட்டார் வாசித்தார். இரண்டு அடித்தொனி வாத்தியங்கள் ஒரே மேடையில்! இத்தகைய கச்சேரிகளில் எல்லாமே கைகூடும் என்று சொல்ல மாட்டேன். விருந்தாளி வேகம் காட்டுவதற்காகவே வாசித்தால் கெம்ப்ரி அடியில் அமுங்கிப்போகும். விருந்தாளி முதல் ஐந்து நிமிடம் காத்திருந்து கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால், அன்று இரவு நன்றாக அமையும். பெண்கள் கெம்ப்ரியைத் தொடுவது வழக்கமாக இருந்ததில்லை. காஸாபிளாங்காவின் அஸ்மா ஹம்ஸாவி தன் தந்தையிடமிருந்து கற்று இன்று சொந்தக் குழுவோடு வாசிக்கிறார். நிரலில் அவர் பெயர் இருந்தால் எதையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். எஸ்ஸாவிராக்காரரான மாலெம் மஹ்மூத் கினியா 2015இல் காலமானார். அவர் மகன் ஹூஸாம் வாசிக்கும்போது ஊரே கூடப் பாடும்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. துறைமுகத்தருகே சுட்ட மத்தி மீன், விலையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் பிஸ்ஸாரா என்ற, மொச்சை மாதிரியான ஃபாவா பயறு சூப்பையும் ரொட்டியையும் நம்பலாம், கடைசியில் மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவித் தருவார்கள். காலையில் ம்ஸெம்மென், நம் பரோட்டாவுக்குத் தங்கை. புதினாத் தேநீரில் சர்க்கரை அதிகம், வேண்டாமென்றால் "ப்லா சுக்கர்". மாலை ஐந்து மணிக்கு ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள், நல்ல கச்சேரிகள் நள்ளிரவைத் தாண்டும்.

ஊர் திரும்பும்முன் கர்காப் ஒரு ஜோடி வாங்க ஆசை வரும், வாங்குங்கள். மெல்லிய தகரத்தில் செய்தது கலகலக்கும், ஆனால் ஒலி உடனே செத்துவிடும். கனமான இரும்பாகப் பார்த்து, கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலானோருக்கு வாசிக்கத் தெரியும். வண்ணம் பூசித் தொங்கவிட்டிருக்கும் சின்ன கெம்ப்ரிகள் சுவரில் மாட்டத்தான் ஆகும். கர்காபைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், ஈரத்துணி பக்கம் படாமல், சட்டைக்குள் சுற்றி வையுங்கள், துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டால் போதும்.