சிவப்பு மெழுகுதிரி துணியில் சிந்திவிட்டதா? அயன் பொக்ஸுக்கு அவசரம் வேண்டாம்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள் நினைவிருக்கும்தானே. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வெள்ளைத் திரி தீர்ந்துபோக, நத்தாருக்கு வாங்கி மிஞ்சியிருந்த தடித்த சிவப்புத் திரி இரண்டை ஏற்றினோம். யாரோ எழும்பும்போது முழங்கை தட்டி ஒன்று அம்மாவின் வெள்ளை மேசைவிரிப்பில் சரிந்தது. கரண்ட் வந்ததும் நான் செய்த முதல் வேலை, மேலே பழைய பத்திரிகைத் தாளைப் போட்டு நல்ல சூட்டில் அயன் பண்ணியதுதான். மெழுகு போனது. ஆனால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு இருந்த கறை சோத்துக் கோப்பை அளவுக்கு றோஸ் வட்டமாக விரிந்துவிட்டது, நடுவில் பத்திரிகை மை வேறு.

பிறகுதான் விளங்கியது, நிற மெழுகுதிரிக் கறை என்பது இரண்டு கறை. ஒன்று மெழுகு. மற்றது அதற்குள் கரைந்திருக்கும் சாயம், அது எண்ணெயில் கரையும் வகை, தண்ணீருக்கு மசியாது. சூடு காட்டினால் மெழுகு இளகி நூலுக்குள் ஓடும், சாயத்தையும் கூட்டிக்கொண்டு ஓடும். அதனால் இரண்டையும் தனித்தனியாக, முதலில் மெழுகு, அப்புறம் சாயம் என்று எடுக்க வேண்டும்.

முதல் வேலை: குளிர்

ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், இறுகவிடுங்கள். துணி சின்னதென்றால் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் வையுங்கள், பெரிதென்றால் ஐஸ் கட்டியைப் பையில் கட்டி கறையின்மேல் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் கறை இருக்கும் இடத்தை இரண்டு கையாலும் மடக்குங்கள், சடக்கென்று வெடிக்கும். மிச்சத்தைக் கரண்டியின் விளிம்பால் அல்லது காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். பொடியைக் குப்பைத்தொட்டிக்கு மேலே பிடித்து உதறுங்கள், நிலத்தில் விழுந்தால் யாராவது மிதித்து வீடு முழுக்கக் கொண்டுபோவார்கள். தண்ணீர்த் தொட்டியில் கொட்டவே வேண்டாம், குழாய்க்குள் இறுகி அடைக்கும்.

அப்புறம் கொஞ்சம் சூடு

நூலுக்குள் இருக்கும் மெழுகுக்கு இப்போது அயன் பொக்ஸ் வரலாம், ஆனால் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல். கறைக்குக் கீழேயும் மேலேயும் அச்சில்லாத தாள் வையுங்கள், ரிஷூவே போதும். அயன் பொக்ஸின் நுனியை மட்டும் கறையின் ஓரத்தில் நாலைந்து செக்கன் வைத்து எடுங்கள், தாளில் எண்ணெய்ப் பொட்டு மாதிரித் தெரியும். உடனே தாளை மாற்றுங்கள். இதில் சோம்பல்பட்டால் கதை கெட்டது, உறிஞ்சிய தாளே சாயத்தைத் திருப்பித் துணிக்குக் கொடுக்கும். தாள் சுத்தமாக வரும்வரை செய்யுங்கள்.

சாயம்

பாமசியில் ஒரு போத்தல் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்கள். முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், துணியின் சொந்த நிறம் கழன்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். பத்திக் துணியில் இது முக்கியம். (பத்திக் செய்பவர்கள் மெழுகைக் கொதிநீரில் போட்டுத்தான் எடுப்பார்கள், ஆனால் அவர்களுடைய சாயம் அதற்கென்றே போட்டது, நம் மேசைவிரிப்போடு ஒப்பிடாதீர்கள்.) கறைக்குக் கீழே பழைய வெள்ளைத் துவாய் ஒன்றை மடித்து வைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வெளியிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். துவாயில் சிவப்பு இறங்குவது கண்ணுக்கே தெரியும், இறங்கிய இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது, அதாவது மின்வெட்டு நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இதைச் செய்யவே கூடாது.

பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கறை முழுவதும் போகும்வரை அயன் பண்ணாதீர்கள். வெள்ளைப் பருத்தியில் இன்னும் றோஸ் தெரிந்தால் ஒட்சிசன் வகை (குளோரின் இல்லாத) ப்ளீச்சில் ஊறவைக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது. பட்டுச் சேலை என்றால் குளிரவைத்து மெதுவாக உதிர்த்துவிட்டு லோண்டரியில் கொடுத்து, இது நிற மெழுகு என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

மேசை, சுவர், தரை

டைல்ஸும் சீமெந்துத் தரையும் லேசு, பிளாஸ்ரிக் அட்டையால் சுரண்டிச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் துடைத்தால் சரி. மரத் தளபாடத்தில் ஸ்பிரிட் வைக்காதீர்கள், பொலிஷ் கரைந்து வெளிறிவிடும். ஹெயார் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மெழுகு மென்மையாகும்போது துணியால் எடுத்து, மிச்சச் சாயத்தைத் துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். சுவரில் மெழுகை எடுத்த பிறகும் நிறம் நின்றால், அதன்மேல் நேராகப் பெயின்ற் அடித்தால் சில நாளில் மறுபடி மேலே வரும், முதலில் கறை மறைக்கும் பிரைமர் ஒரு கோட் வேண்டும்.

எங்கள் மேசைவிரிப்பு? ஸ்பிரிட் மூன்று தரம், ப்ளீச் ஒரு இரவு. சாயம் போய்விட்டது, பத்திரிகை மை மட்டும் சாம்பல் நிறத்தில் மெலிதாக நிற்கிறது. அந்த இடத்தில் அம்மா ஊறுகாய்ப் போத்தலை வைக்கிறார்.