அசித்ரோமைசின் வாங்கிப் போடுவதற்கு முன்னால்: டைபாய்டு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

மெடிக்கலில் போய் "தொண்டை வலி, லேசா காய்ச்சல்" என்று சொன்னால் பல இடங்களில் சீட்டுகூடக் கேட்காமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, இந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. பணம் வீண் என்பதோடு போனால் பரவாயில்லை. டைபாய்டுக்கு வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சியிருக்கும் மிகச் சில மருந்துகளில் இதுவும் ஒன்று, அதைத்தான் சளிக்கும் இருமலுக்கும் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

மற்ற மருந்துகள் எப்படிப் போயின என்று பாருங்கள். 1948-இல் குளோராம்பெனிக்கால் வந்தது, உயிரைக் குடித்த டைபாய்டு குணமாகத் தொடங்கியது. 1970-களில் மெக்சிகோவிலும் கேரளத்திலும் அதற்கு மசியாத கிருமி பரவியது. அப்புறம் ஆம்பிசிலினும் கோட்ரைமாக்சசோலும் அதே வழியில் போயின. அடுத்து நம்பியிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகளிடம் சரியாக வேலை செய்வதில்லை. 2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பரவிய வகைக்கு செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் பலிக்கவில்லை. மாத்திரை என்று பார்த்தால் அங்கே கைகொடுத்தது அசித்ரோமைசின் மட்டும்தான்.

"எனக்கு இந்த மருந்து பழகிடுச்சு, இனி கேட்காது" என்று சொல்வது பரவலான தவறு. பழகுவது உடம்பு இல்லை, கிருமி. அது பெருகும்போது மரபணுவில் எழுத்துப்பிழைகள் விழும். சிப்ரோ போய் ஒட்டவேண்டிய நொதியில் ஓரிடம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும். இன்னொரு வழி கடன் வாங்குவது. சிந்துவில் பரவிய கிருமி, செஃப்ட்ரையாக்சோனைச் சிதைக்கும் மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வைத்திருந்தது, அதேபோன்ற வளையம் நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிடம் ஏற்கெனவே இருந்தது. சளிக்குப் போட்ட ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்களையும் தாக்கும், தாக்குப்பிடித்தவை பெருகும், நாளைக்கு உள்ளே வரும் நோய்க்கிருமி அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

அசித்ரோமைசினும் பத்திரமாக இல்லை. உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளும் பம்பு ஒன்று டைபாய்டு கிருமியிடம் இருக்கிறது. அந்தப் பம்பில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி, அசித்ரோமைசினுக்கு அடங்காமல் போன கிருமிகளை வங்கதேசத்தில் கண்டுபிடித்து 2019-இல் அறிவித்தார்கள்.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது அடுத்த தவறு. டைபாய்டு கிருமி குடல் சுவரைத் தாண்டி, தன்னை விழுங்க வரும் வெள்ளையணுக்களுக்குள்ளேயே பதுங்கி, ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போகிறது. நமக்குச் சரியான மாதிரி இருக்கும்போதும் அங்கே மிச்சம் இருக்கும், சில வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்பவும் வரும். சில நோய்களுக்குக் குறைந்த நாள் மருந்தே போதும் என்று இப்போது டாக்டர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும், நம்முடைய தெர்மாமீட்டர் இல்லை. இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டு காய்ச்சல் இறங்க நாலைந்து நாளாவது ஆகும், சில சமயம் ஒரு வாரம்கூட. இரண்டாம் நாளே "கேட்கல" என்று வேறு டாக்டரிடம் போய் மருந்தை மாற்றாதீர்கள். வயிற்றுவலி அதிகமாவது, மலத்தில் ரத்தம், நினைவுத் தடுமாற்றம் இதெல்லாம் வந்தால் கதையே வேறு, உடனே ஆஸ்பத்திரி.

டைபாய்டா என்று பார்க்க ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் விடால் டெஸ்ட்டை மட்டும் நம்புவதும் தவறு. முன்பு வந்த டைபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறு காய்ச்சல்கள் எல்லாமே அதில் பாசிட்டிவ் காட்டலாம். கேட்க வேண்டியது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, அதுவும் முதல் ஆன்டிபயாடிக் டோஸுக்கு முன்னால். வீட்டில் மிச்சமிருந்த இரண்டு மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடும். ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

குணமான பிறகும் சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும், குறிப்பாகப் பித்தக்கல் இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, மலத்தில் மட்டும் கிருமி வந்துகொண்டே இருக்கும். ஹோட்டலிலோ ஹாஸ்டலிலோ சமைப்பவர் என்றால் வேலைக்குத் திரும்பும் முன் மலப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியைப் பற்றியும் அப்படியே கேட்டுவிடுங்கள், ஆறு மாதம் முடிந்ததிலிருந்தே போடலாம்.